தாய்மாமன் மடி தேடிக் கொல்லிமலைக்கு

யுத்தம் நடக்கிற காலத்தில் மலையேறப் போனாயா என்று கேட்காதீர்கள். என் மகளுக்குக் காது குத்த வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். காதுகுத்து வேதத்தில் இல்லை என்று எங்கள் போதகர் முகம் சுளித்தார். இல்லைதான். ஆனால் நாமக்கல் பக்கம் மாமன் மடியில்லாமல் காது குத்தினால் ஊர் வாயை யார் மூடுவது? எனக்கோ கூடப் பிறந்தவன் இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு மகன் உண்டு, கொல்லிமலையில்.

அப்பா மலையில் சபைக்காக வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். நானும் அம்மாவும் கீழே இருக்க, பெரக்கரை நாடு என்ற மலையூர்ப் பகுதியில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். சபை வேலை போயிற்று, மானமும் போயிற்று. கடைசியில் அவர் கீழே எங்கள் வீட்டில் இறந்தபோது அந்தப் பையன் மலையிறங்கி வந்தான். அம்மா வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதே அம்மாதான் இந்தத் தை மாதம், "போயி அந்த இஸ்மவேலக் கூட்டிக்கிட்டு வா" என்றாள்.

எங்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். வேதத்தில் ஆபிரகாமுக்கு இரண்டு பிள்ளைகள். வேலைக்காரி ஆகார் பெற்றவன் இஸ்மவேல். மனைவி சாராள் பெற்றவன் ஈசாக்கு, கடவுள் வாக்குக் கொடுத்துப் பிறந்த பிள்ளை. சாராள் ஆகாரையும் அவள் மகனையும் வீட்டை விட்டே துரத்தினாள்.

நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி பத்துப் பதினோரு மைல், பஸ்ஸுக்கு நாலணா. பெட்ரோல் இல்லாததால் கரிப்புகையில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். "தள்ளுறதுக்கும் டிக்கெட்டா?" என்று என் வீட்டுக்காரர் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றார். பஸ் கிளம்பியதும் முதல் ஆளாக ஓடி ஏறிக்கொண்டார்.

அங்கே ஒரு ராவுத்தர் கடையில் உப்பு வாங்கினோம். மேலே யார் வீட்டுக்குப் போனாலும் உப்பைவிட நல்ல பரிசு கிடையாது.

"பெரக்கரை நாட்டுல இஸ்மவேலுன்னு ஒருத்தருங்க..." என்று விசாரித்தேன்.

"இஸ்மாயிலுங்களா? எங்க ஊட்டுலயே மூணு பேரு இருக்கறோம், எந்த இஸ்மாயிலு வேணுங்க?" என்று ராவுத்தர் சிரித்தார். "மலைல அப்படி யாருமில்லீங்களே."

"பழைய உபதேசியார் மகனுங்க."

"அட, நம்ம ஈசாக்குங்களா! போன சந்தைக்குத்தானுங்க மொளகு கொண்டாந்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈசாக்கா! மனைவி பெற்ற பிள்ளை நான் இருக்க, அந்தப் பெயரை அங்கேயா வைத்தார்? உப்பு மூட்டையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு நடந்தேன்.

காரவள்ளி வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் கால்தான். செங்குத்தான காட்டுப் பாதை. முடியாதவர்களுக்கு ஆட்கள் தூக்கிப்போகிற டோலி உண்டு. சின்ன வயதில் அப்பாவோடு இதே பாதையில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். ஊற்று வந்தால் உட்கார வைத்துக் கதை சொல்லுவார். யாக்கோபு அண்ணனை ஏமாற்றியது, யோசேப்பை அண்ணன்மார் விற்றது, எல்லாம். "ஒரு குடும்பம்கூட ஒழுங்கா இல்லையேப்பா" என்றேன். "ஒழுங்கான குடும்பமாத் தேடியிருந்தா கடவுளுக்கு ஆளே கெடச்சிருக்காது கண்ணு. அவரு சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுக்கு இவங்களே போதும்னு வச்சுக்கிட்டாரு" என்று சொல்லித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். அந்தக் குரலுக்காக இன்னும் பத்து மலை ஏறலாம் போலிருந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

ஈசாக்கு வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தான். அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. அவன் அம்மா, என் சின்னம்மா, "வா கண்ணு, உள்ள வா" என்றாள். அவன் நிமிரவில்லை. விஷயத்தைச் சொல்லி வெற்றிலை பாக்கை நீட்டினேன்.

"அன்னிக்கு ஒரு புடி மண்ணு போட உடலீங்க. இன்னிக்கு மடி மட்டும் வேணுமாக்கும்?"

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"ஆபிரகாமைப் பொதச்சது யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டான்.

தெரியும். துரத்தப்பட்டவனும் வீட்டில் இருந்தவனும் சேர்ந்துதான் புதைத்தார்கள். "ரெண்டு பேருந்தான்" என்றேன்.

"அப்பா அதப் படிக்கறப்பெல்லாம் அழுவாருங்க." மிளகை ஒருமுறை கிளறிவிட்டான். "வாரேன் அக்கா. ஆனா மொதல்ல மண்ணு போடோணும். அப்பறந்தான் மடி. உங்க அம்மா சம்மதிப்பாங்களா?"

சம்மதிப்பாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "கேக்கறேன்" என்றேன். வெற்றிலையை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் பாதையில் நின்றான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். மழைக்காலத்தில் அட்டையும் மலைக்காய்ச்சலும் பிடுங்கிவிடும்; கொய்னா மாத்திரை கையில் இருக்கட்டும். வெயில் ஏறுமுன் காரவள்ளியை விட்டுக் கிளம்புங்கள். அரிசி கொண்டுபோங்கள், மேலே சாமைச் சோறுதான், ருசிதான், ஆனால் அவர்கள் பங்கில் கைவைக்காதீர்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அழும்.

நாமக்கல்லில் அம்மா வாசலில் நின்றாள். ஈசாக்கு தெருவிலேயே நின்றுவிட்டான். அவன் பெயரையும், அவன் கேட்டதையும் சொன்னேன். அம்மா உள்ளே போனாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். எங்களுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

அப்பாவின் குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. அம்மா முழங்காலிட்டு, புல்லைப் பிடுங்கி, மண்ணைத் தன் கையால் அள்ளினாள். அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கையக் காட்டு, ஈசாக்கு" என்றாள்.