கருப்பனுக்கு நேர்ந்த கெடா

இன்னைக்குக் காலையில பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு அக்கா கெடாயைத் தூக்கிட்டு நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நேத்துல இருந்து ஒண்ணுக்குப் போகலையாம். முக்கி முக்கிக் கத்துச்சு.

மூத்திரப்பாதையில கல்லு. சாமி கெடான்னு மக்காச்சோளமும் தவிடுமா ஊட்டி வளர்த்திருக்காங்க, அதுல வந்த வினை.

"ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுங்க."

"கருப்பனுக்கு நேர்ந்ததுங்க டாக்டரம்மா. எப்படியாச்சும் காப்பாத்திப்போடுங்க."

வாலுக்குக் கீழே புது வழி வச்சுத் தைச்சேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நின்னு ஒண்ணுக்குப் போச்சு. அக்கா அழுதுட்டாங்க.

அப்புறம் மெதுவா, "ஏனுங்க, கத்தி பட்ட கெடாயைச் சாமிக்கு வெட்டக்கூடாதுங்களே?"

நான் கையுறையைக் கழட்டினேன்.

"வெட்டக்கூடாதுங்க," அவங்களே முடிவா சொன்னாங்க. கெடாயோட கழுத்தைக் கட்டிப்பிடிச்ச கையை எடுக்கவே இல்லை.

கருப்பன் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கத்தி வச்சது நானாச்சே.