மூணு தடவை பூட்டியிருந்த வீடு

எங்க வீட்டுக்காரரை எல்லாரும் நம்பர்காரர்னுதான் கூப்பிடுவாங்க. முப்பத்தோரு வருஷம் வீட்டுவசதித் துறையில கதவுக்குக் கதவு எண் எழுதினவர். எண் வெட்டின தகர அட்டையைக் கதவுல வச்சு, பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சது. அட்டை இல்லாமலும் எழுதுவார், ஒரு எட்டு கூட கோணாது. சட்டையில பெயின்ட், நகத்துல பெயின்ட், ஒருநாள் காதுமடல்லயும் பெயின்ட். "என்னங்க, உங்களையும் சேர்த்து எண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் வாய்.

போன மாசம் ரிட்டயர் ஆனப்ப, பெரிய ஆபீசர் மைக்கைப் பிடிச்சு, "நாட்டோட வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்"னு அரை மணி நேரம் பேசினார். இவர் குனிஞ்ச தலை நிமிரல. என்ன அடக்கம்னு பக்கத்துல ஒரு அம்மா சொன்னாங்க. அடக்கமாவது ஒண்ணாவது! அந்த மனுஷன் ஏன் தலை நிமிரலன்னு எனக்குத் தெரியும்.

அவருக்கு ஏழு வயசுல அம்மா போயிட்டாங்க. வளர்த்தது அக்கா. அக்கான்னா பெரிய மனுஷி இல்ல, அப்ப அவங்களுக்கே பதினாலு. ஆஸ்பத்திரியில வார்டு கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்த் தம்பிக்குச் சோறு போட்டாங்க. கல்யாணமே பண்ணிக்கல. கால்வாய் ஓரத்துல தகரம் போட்ட வீடுகள் நானூறு இருக்கும். அதுல ஒண்ணு அவங்களது. கல்யாணமானதும் நாங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை ரூமுக்கு வந்துட்டோம். அவர் அக்காவை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன், ஆனா எனக்கும் அவங்களுக்கும் ஆகவே ஆகாது. நான் துவைச்ச துணியை அவங்க திரும்பத் துவைப்பாங்க. எரிச்சலா வரும்.

அப்பதான் கால்வாய் ஓரத்தை இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப்போறோம்னு அரசாங்கம் சொல்லுச்சு. நிரந்தரமா ஒரு வீடு இருந்தா ஆளுங்க நிம்மதியா வேலைக்குப் போவாங்க, பிள்ளைங்க படிக்கும், நாடு முன்னேறும்னு சொன்னாங்க. பொய் சொல்லக் கூடாது, பாதிக்கு மேல நடந்துச்சு. ராத்திரி கக்கூசுக்குப் பயந்து பயந்து போன பொண்ணுங்க வீட்டுக்குள்ளயே கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் இன்னிக்கு இன்ஜினீயர். நான் கண்ணால பாத்தது.

யாருக்கு வீடுன்னு முடிவு பண்ண முதல்ல கணக்கெடுப்பு. ஒரு மேற்பார்வையாளர், எழுதறதுக்கு ஒரு கிளார்க், கதவுல எண் போட ஒரு பெயின்டர். எண் விழுந்த கதவுக்கு வீடு உண்டு. எங்கெங்கயோ இருக்கறவன் எல்லாம் சும்மா ஒரு தகரத்தை நட்டுட்டு வீடு கேப்பான்னு ஒரு விதி வச்சாங்க. மூணு தடவை போறப்பவும் பூட்டியிருந்தா அது ஆள் இல்லாத வீடு. எண் கிடையாது.

பெயின்டர் வேலைக்கு இவர் மனு போட்டார். கணக்கெடுப்பு முடிஞ்சா வேலை நிரந்தரம். படிவத்துல, "அந்தப் பகுதியில் உறவினர் உண்டா?"ன்னு ஒரு கேள்வி. உண்டுன்னா வேலை இல்ல. இவர் பேனாவை வச்சுக்கிட்டு முழிச்சார். "இல்லைன்னு எழுதுங்க, கை என்ன வெந்தா போயிடும்?"னு சொன்னது நான்தான். ரெண்டு பொண்ணுங்க, சின்னது கைக்குழந்தை. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

கணக்கெடுக்கறது காலையில பத்துலேர்ந்து நாலு வரைக்கும். அண்ணிக்கு டியூட்டி ஆறுலேர்ந்து அஞ்சு வரைக்கும். ஒருநாள் போகலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் ரெடி. முதல் தடவை போனாங்க, பூட்டு. ரெண்டாவது தடவையும் பூட்டு. வேலைவெட்டி இல்லாம வாசல்ல உக்காந்திருந்தவன் கதவுக்கெல்லாம் எண் விழுந்துச்சு. வேலைக்குப் போன பாவத்துக்கு இவங்க கதவு வெறுமனே கிடந்துச்சு. நாடு முன்னேறுற லட்சணத்தைப் பாருங்க!

மூணாவது தடவை புதன்கிழமைன்னு இவர் முன்னாடியே போய்ச் சொல்லிட்டு வந்தார். அண்ணி கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் லீவு வாங்கி, விடிஞ்சதுலேர்ந்து வாசல்ல உக்காந்திருக்காங்க. மத்தியானம் பிடிச்ச மழை விடல. பாதித் தெருவோட கணக்கெடுப்பு நின்னுபோச்சு. வியாழக்கிழமை அவங்க வேலைக்குப் போயே ஆகணும். போனாங்க. பதினோரு மணிக்குக் கணக்கெடுக்கறவங்க மூணு பேரும் அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னாங்க.

தான் வளர்ந்த வீட்டுக் கதவு. கையில பிரஷ். "எழுதிக்கோப்பா, மூணாவது தடவையும் பூட்டு"ன்னு மேற்பார்வையாளர் சொன்னார். கிளார்க் எழுதிட்டு நோட்டை நீட்டினார். இவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த கதவுக்குப் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கே சார்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்"னார். நான் குழந்தையைத் தூக்கி அவர் மடியில போட்டேன். "இதுக்கு என்ன பதில்னு சொல்லிட்டுப் போங்க"ன்னேன். அவர் போகல. அடிப்பாவின்னு என்னைத் திட்டணும்னு தோணுதா? திட்டுங்க. நானே திட்டிக்கிறேன்.

பட்டியல் ஒட்டினாங்க. அண்ணி பேர் இல்ல. எழுதத் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு மேல்முறையீடு போட்டாங்க. கரன்ட் பில், ஆஸ்பத்திரி அடையாள அட்டை எல்லாம் வச்சாங்க. விசாரணைக்கு ஒரு தேதி குடுத்தாங்க. மேற்பார்வையாளர் வேற ஊருக்கு மாத்தலாயிட்டார், கிளார்க்குக்கு உடம்பு சரியில்ல. நோட்டுல கையெழுத்துப் போட்ட பெயின்டரைக் கூப்பிட்டாங்க.

அன்னிக்குக் காலையில இவர் டீயைக் கூடத் தொடல. "இன்னிக்குச் சொல்லிடுவேன். நீ தடுக்காதே"ன்னார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கல. மனசு கேக்காம நானும் பின்னாடியே போய், யாரோ மாதிரி அந்த ஆபீஸ் வராந்தா பெஞ்சில உக்காந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு.

உள்ள மேசைக்கு இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் இவர். அண்ணி யூனிஃபார்மோட வந்திருந்தாங்க. ஆபீசர் நல்ல மனுஷன்தான், குரலைக்கூட உயர்த்தல. "அம்மா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா மூணு தடவை பூட்டியிருந்ததா இவர் கையெழுத்துப் போட்டிருக்கார். இவருக்கு உங்க மேல ஏதாவது பகையா? இவரை முன்னாடியே தெரியுமா?"

இவர் எழுந்தே நின்னுட்டார். வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணி முந்திக்கிட்டாங்க.

"தெரியாதுங்க. இப்பதான் பாக்குறேன்."

இனிமே இவர் நிஜத்தைச் சொன்னா அக்கா பொய்க்காரி. சொல்லாட்டி அக்காவுக்கு வீடு இல்ல. உறவுன்னு வெளிய வந்தா தம்பி வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் அந்த மகராசி தம்பி வாயை அடைச்சுட்டாங்க.

"மூணு தடவையும் பூட்டியிருந்துச்சா?"ன்னு ஆபீசர் இவரைக் கேட்டார்.

"பூட்டியிருந்துச்சு சார்."

அவ்வளவுதான். மனு தள்ளுபடி.

அண்ணி வெளியே வந்து, என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி படி இறங்கினாங்க. நான் ஓடிப்போய் பஸ் ஸ்டாப்புல பிடிச்சேன். "அண்ணி, வாங்க, நம்ம வீட்டுல வந்து இருங்க"ன்னேன். பத்தடி ரூம்ல எங்க இருப்பாங்கன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பக்கத்துல நிக்காதடி. ஆபீஸ்காரங்க யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க." ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் பேசினாங்க. பஸ் வந்ததும் ஏறப்போனவங்க, ஒரு கால் படியில இருக்கறப்ப திரும்பினாங்க.

"காலையிலேர்ந்து பட்டினியா அவன்? முகமே செத்துக் கிடக்கு. போனதும் சோத்தைப் போடு. அக்கா சாப்பிடச் சொன்னான்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அந்த மனுஷன் தட்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, விக்கி விக்கி அழுதுக்கிட்டே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமச் சாப்பிட்டார்.