நட்சத்திரம் எண்ணச் சொன்ன கனிஷாய்

மலைமுகட்டில் அந்த ஆண்டின் முதல் பனி விழுந்த திங்கட்கிழமை, மைராம்குல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்த தன் மகள் பேகிமாயைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். நகரத்தில் சித்தி வீட்டில் தங்கி அவள் அங்கேயே படிக்கட்டும் என்றாள். கிளம்புமுன் வாசலில் நின்று மகளின் வலது கையை வகுப்புக்கே தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரலில் இரண்டு மரு.

"நல்லாப் பாருங்க எஜே. நீங்க குடுத்த வீட்டுப்பாடம் இது."

எஜே என்று, அக்கா என்று, கூப்பிட்டபடியே இவ்வளவு விஷத்தைக் கொட்ட மைராம்குல்லால் மட்டும்தான் முடியும்.

நட்சத்திரத்தை எண்ணினால் கையில் மரு முளைக்கும். கிர்கிஸ் வீடுகளில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அந்த வீட்டுப்பாடம் கொடுத்த ஆசிரியை கனிஷாயும் கேட்டுத்தான் வளர்ந்தாள். கேட்டுவிட்டு எண்ணினாள். அவள் அப்பா லாரி ஓட்டியவர். கணவாயில் லாரி மக்கர் செய்து நிற்கும்போதெல்லாம் அவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார், மகள் சரக்கின் மேல் மல்லாந்து கிடப்பாள். வானியல் படிக்க ஆசைப்பட்டாள். கிடைத்தது தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி. அதற்காக ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. வானம் எல்லா ஊருக்கும் மேலேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையில் சேர்ந்தாள்.

குளிர்காலத்துக்காகப் பள்ளி முற்றத்தில் அடுக்கியிருந்த வறட்டிக் குவியல்தான் அவளுடைய சூரியன். பிள்ளைகள் கோள்கள். நெப்டியூன் ஆனவன் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. மணி அடித்தது அவன் காதில் விழவில்லை. திரும்பி வருவதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது. மறுநாள் எல்லோரும் புதனாக இருக்கத்தான் அடித்துக்கொண்டார்கள்.

துருவ நட்சத்திரத்துக்கு ஊரில் இரும்பு முளை என்று பெயர். அதில் இரண்டு குதிரைகள் கட்டப்பட்டிருக்கின்றன, சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள் என்கிற ஏழு திருடர்கள் அவற்றையே சுற்றி வருகிறார்கள். இத்தனை காலமாக ஏன் ஒரு குதிரைகூடத் திருடு போகவில்லை என்று பேகிமாய்தான் கேட்டாள்.

"சுத்துறது அவங்க இல்லடி, நாம. திருடனுக்கு இன்னும் அது தெரியல," என்றாள் கனிஷாய்.

அந்த வாரம்தான் அந்த வீட்டுப்பாடம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, இருட்டு கட்டியதும் அதற்குள் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி வர வேண்டும். மாதம் திரும்புவதற்குள் மூன்று பிள்ளைகளுக்கு மரு. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஒட்டுகிற சங்கதி அது, வகுப்பு முழுக்க ஒரே துண்டில் கை துடைத்தால் வேறென்ன வரும் என்று கனிஷாய் சொல்லிப் பார்த்தாள். தாய்மார்கள் நம்பவில்லை. தலைமையாசிரியர் சாதிர்பெக்குக்கோ, அது தன் பள்ளிக்கூடத்தின் மேல் சொல்லும் குற்றமாகப் பட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் வாசலில் நாலு பெண்கள் கூடினால் வியர்த்துவிடும். சுவரில் படத்தை மாட்டிப் பாடம் நடத்தினால் போதாதா என்றார். இனிமேல் எண்ணச் சொல்ல மாட்டேன் என்று பெற்றோர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். சொல்லாவிட்டால் நான்காம் வகுப்பு அவளுக்கு இல்லை.

பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் பெற்றோர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மகளை ஊரை விட்டே அனுப்பியவள் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்திருந்தாள். கனிஷாய் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சின்ன வயசிலிருந்து எண்ணுகிற கைகள், ஒரு மரு கிடையாது.

"பாத்திரம் கழுவாத கை. மரு வர்றதுக்கே அலுப்பா இருக்கும்," என்றாள் மைராம்குல். பெஞ்சுகள் சிரித்தன. கனிஷாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ தினமும் சாயங்காலம் ஆட்டை எண்ணித்தானே பட்டில அடைக்கிற?"

"ஆடு எங்களோடது. வானம் என்ன உங்களோடதா?"

"ஆமா, என்னோடது. உன் மகளோடதும்தான். அவளோடதை அவ எண்ணிப் பார்க்கக் கூடாதா?"

சாதிர்பெக் தொண்டையைச் செருமி, கனிஷாய் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை நினைவுபடுத்தினார்.

"சொல்ல மாட்டேன் அகாய்," என்றாள், ஐயா என்கிற அந்த மரியாதையைக் குறைக்காமல்.

மறுநாளே வகுப்பு கைமாறியது. கனிஷாயை ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். அங்கே சூரியனும் கிடையாது, கோளும் கிடையாது. எழுத்தும் எண்ணும் மட்டும். பிரச்சினை தீர்ந்தது என்று சாதிர்பெக் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். ஒன்றாம் வகுப்புக்கு மதிய ஷிஃப்ட் என்பதையும், டிசம்பரில் அது முடியுமுன்பே இருட்டிவிடும் என்பதையும் அவர் யோசிக்கவில்லை.

முற்றத்தில் குரல் கேட்டு அவர் வெளியே வந்தபோது, வாத்துக் கூட்டம் போல் நின்ற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டி, உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?"

"எண்கள் பாடம் அகாய். நீங்க குடுத்ததுதான். பத்து வரைக்கும் வந்துட்டோம். மேல நெறைய மிச்சம் இருக்கு."

அவர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பதினான்கில் ஒரு பிள்ளை தடுமாறியது. "பதினஞ்சு," என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம், ஒவ்வொரு பிள்ளையும் சொந்தத் துண்டு கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனாலும் நான்காம் வகுப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வருஷா வருஷம் டிசம்பரில் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். நாலைந்து தாய்மார்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முறைப்பார்கள். கனிஷாய் அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக எண்ணச் சொல்வாள்.

பல வருஷம் கழித்து ஒரு கோடையில் அவள் போனில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது.

"எஜே, மைராம்குல் பேசுறேன். மாஸ்கோல இருக்கேன், மாடிப்படி கழுவுற வேலை. இந்த ஊர் வெளிச்சத்துல வானமே தெரியாது. நேத்து மொட்டை மாடிக்குப் போயி எண்ணினேன், ஒன்பதுதான் தேறிச்சு. மன்னிப்புக் கேக்குறேன்னு நெனச்சுக்காதீங்க. என் சின்னவன் வர்ற செப்டம்பர்ல ஒண்ணாங்கிளாஸ். உங்ககிட்டதான் விடணும்னு சாதிர்பெக் அகாய்கிட்ட போன்லயே சண்டை போட்டு வாங்கிருக்கேன். நூறு வரைக்கும் எண்ணாம அவனை வீட்டுக்கு அனுப்பாதீங்க."