இடக்கைக்காரரின் வள்ளம்

லினோலியப் பலகையில் படம் வெட்டி, மை தடவித் தாளில் அச்செடுத்தால் வெட்டி எடுத்த இடம் வெள்ளை, வெட்டாமல் விட்ட இடம் கறுப்பு, அவ்வளவுதான் தொழில். தொழில் என்று நான் சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் பிடித்துக்கொண்ட கிறுக்கு என்று வீட்டில் சொல்கிறார்கள். இதே கிறுக்குப் பிடித்து, இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

வத்தலோடு வத்தலாக

லினோலியம் குளிர்ந்திருந்தால் உளி வழுக்கும். வழுக்கினால் நேரே விரலுக்குத்தான் வரும். சூடு காட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்? மொட்டை மாடியில் சுண்டைக்காய் வத்தல் காய்கிற பாயிலேயே ஓரமாகப் போட்டேன். கால் மணி நேரம். அப்புறம் உளியை வைத்தால் சுருள் சுருளாகத் தானே எழும்பி வருகிறது. ஏழு வருஷமாகப் பார்க்கிறேன்; இன்னும் வாய் பிளக்கிறது.

வீட்டுக்காரி பாயைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எதை எண்ணெயில போடணும், எதைப் போடக்கூடாதுன்னு சொல்லிட்டு உள்ள போங்க.”

அட்டையில் இல்லாத நிலை

சலேத்தம்மாள் உவரியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர். கொடியில் காயப்போட்டிருந்த என் கொக்குப் படத்தைக் கூடையை இறக்காமலே பார்த்தார். மறுநாளும் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் விஷயத்தைச் சொன்னார்.

வீட்டுக்காரர் இறந்து வருஷம் ஆகப்போகிறது. அவர் கடலுக்குப் போன வள்ளத்தையும் உடைத்தாயிற்று. அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு ஆண்டுப் பூசை. அன்றைக்கு அவர் வள்ளத்தோடு சுவரில் இருக்க வேண்டும். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டேன்: வள்ளத்தின் பின்பக்கம் நிற்பார், காலை அகற்றி. தலையில் துண்டு. சுக்கான் இடது கையில், ஆள் இடக்கைக்காரர். “முகம்?” என்றேன்.

“மொகம் வாக்காளர் அட்டையில இருக்கு அண்ணாச்சி. நின்ன நிலைதான் எங்கனயும் இல்ல.”

கண்ணாடி வைக்காத குறை

பத்து நாள் வெட்டினேன். அலைக்கு மட்டும் நாலு நாள். நீங்களும் செய்வீர்கள், எனக்குத் தெரியும்: அச்சில் இடம் வலமாகிவிடும் என்று, எழுத்து இருந்தால் கண்ணாடி வைத்து, திருப்பி வரைந்து, மூன்று தடவை சரிபார்ப்போம். இதில் எழுத்து இல்லை. கண்ணாடியும் வைக்கவில்லை. சொன்னபடியே இடது கையில் சுக்கானை வெட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை, அந்த அம்மாள் முன்னாலேயே மை உருட்டி, தாளை வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து உரித்தேன். கன்னங்கரேலென்று அச்சு. ஒரு புள்ளி விடுபடவில்லை. நானே அசந்துபோனேன். அந்த அம்மாள் கிட்டே வந்தார், தள்ளிப்போனார், கூடையைத் தூக்கிக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவுக தம்பில்லா? அவந்தான் வலக்கைக்காரன்.”

மங்கல் தாள்

புதிய லினோலியம் பார்சலில் வரப் பத்து நாள் ஆகும். பூசைக்கு மூன்று நாள். வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு அச்சு எடுத்துப் பார்த்தேன், கை தானாக மாறிவிடும் என்பதுபோல. மாறவில்லை. ஆத்திரத்தில் ஈரத்தாளை வெற்றுத்தாள் கட்டின்மேல் கவிழ்த்து அடித்தேன்.

எடுத்தால், அடியில் இருந்த தாளில் ஒரு வள்ளம். அங்கங்கே மங்கலாக. சுக்கான் இடது கையில்!

அச்சின் அச்சு, இடம் வலமாகி, வலம் மறுபடி இடமாகியிருந்தது. மறுபடி மை, மறுபடி அச்சு, மை காயுமுன் அதன்மேல் புதிய தாள், பைய ஒரு தேய்ப்பு. மை பாதிதான் ஒட்டியது. கடல் சாம்பல், வானம் அதைவிட வெளுப்பு, நடுவில் காலை அகற்றி ஒரு ஆள். நான் வெட்டியதுதான், ஆனால் இந்த வெளிச்சத்தை நான் வெட்டவில்லை. அரைமணி நேரம் நின்றுகொண்டே பார்த்தேன்.

சனிக்கிழமை வந்த சலேத்தம்மாளிடம், மை போதவில்லை, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கூடையை இறக்கினார். கையைச் சேலையில் துடைத்தார். தாளைத் தொடவில்லை.

“பேசாம இருங்க அண்ணாச்சி. விடியுததுக்கு முன்ன அவுக கடலுக்குக் கெளம்புதாவ.”

என் கைவேலைக்கு இதுவரை கிடைத்த பெரிய மரியாதை, வாயை மூடச் சொன்னதுதான்.