அடைமுட்டையும் எஸ்தர் டீச்சரும்

மூஞ்சிக்கல் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு டாக்சி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் பழைய மாணவர். இறங்காமலே சொன்னார்: "சார், எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்க. பெரியகுளத்துல, மக வீட்டுல." கையில் பிடித்திருந்த கேரட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் நான் கணக்கு, அவர் உயிரியல். அவரிடம் படித்தவர்கள் அந்த ஒரு பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். பல ஆசிரியர்கள் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். எஸ்தர் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே இணை சேரும் கொண்டைக்குருவிகளைக் காட்டித் தொடங்குவார். பெரும்பாலான ஆண் பறவைகளுக்குத் தனி உறுப்பு கிடையாது, இரண்டும் வால் அடியில் இருக்கும் துளையைக் கண் இமைக்கும் நேரம் ஒட்டவைத்தால் போதும் என்பார். வகுப்பு சிரிக்கும். "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப எழுதுங்க."

மேல்மலையில் பூண்டு போடும் முருகேசனின் மகள் செல்வி அப்போது பத்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் கடை முட்டைகளை வாங்கி அடை வைத்திருக்கிறார்கள். ஒன்றும் பொரிக்கவில்லை. தீட்டு நாளில் செல்வி தொட்டதால்தான் என்று வீட்டுப் பெண்கள் பழி போட்டார்கள். பாடம் கேட்டிருந்த செல்வி, சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "கடை முட்டைக்குச் சேவலே சேரலப்பா. அது எப்படிப் பொரிக்கும்?"

மறுநாள் வெள்ளனே முருகேசன் தலைமையாசிரியர் அறையில் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"பொட்டப்புள்ள பேசுற பேச்சாங்க இது? பெரியவங்க முன்னாடி சேவல் சேருற கதை சொல்றா. டி.சி.யக் குடுத்துருங்க. படிச்சது போதும்."

தலைமையாசிரியர் மேசையையே பார்த்தார். எஸ்தர் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. அவ சொன்னது சரிதான். வீட்டுல சேவல் இருக்கா?"

"இருந்துச்சு. முந்தாநாளு கோயிலுக்கு அறுத்தாச்சு."

"முட்டை விடுற கோழி?"

"அது கெடக்கு. சேவல் இல்லாம அத வச்சு என்ன செய்யிறதுங்க?"

"சேவல் குடுத்தத கோழி வயித்துக்குள்ள பத்திரமா வச்சிருக்கும்ணே. இன்னும் ஒரு வாரத்துக்கு விடுற முட்டை பொரிக்கும். அத எடுத்து, செல்வியே தீட்டு நாள்ல அவ கையால அடை வைக்கட்டும். பொரிக்கலைன்னா நானே டி.சி. வாங்கித் தாரேன்."

முருகேசன் சரியென்று போனபின் நான் கோபப்பட்டேன். "ஒரு புள்ள படிப்ப முட்டை மேல வச்சுப் பந்தயம் கட்டலாமா டீச்சர்?"

"நான் வைக்கல சார். அவங்க ஏற்கெனவே வச்சுட்டாங்க. நான் முட்டையத்தான் மாத்திருக்கேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, அந்த வாரங்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழையும் மூடுபனியுமாக இருந்தது. அடைக்கூடையை அடுப்பு ஓரம் வைக்கச் சொல்லி அனுப்பினார். காலையில் செல்வியைப் பார்த்தால், "கோழி எந்திரிக்காம இருக்கா?" என்பதற்கு மேல் ஒரு சொல் கேட்கமாட்டார்.

ஒரு நாள், மண் ஒட்டிய காலோடு முருகேசன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"பொரிச்சிருச்சுங்க டீச்சர். ரெண்டு மட்டும் கூமுட்டை."

"கடைசியா விட்டதாண்ணே?"

"ஆமாங்க. விட்ட வரிசைக்கு ஒவ்வொண்ணுலயும் கரிக்கோடு போட்டுல்ல செல்வி வச்சிருந்தா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சேவல் விட்டுட்டுப் போனது அதோட தீந்துருச்சு."

முருகேசன் தலையைச் சொறிந்து சிரித்தார். "நான் போனா எங்க வீட்டுல ஒரு நாளைக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாது டீச்சர்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "வீட்டுல இனி அவள யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. படிக்கட்டும்" என்றார். செல்வி எங்கள் பள்ளியிலேயே தேர்வு எழுதினாள்.

முருகேசன் வந்துபோன அன்று மாலை பேருந்துக்கு நடக்கும்போது எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன், இந்தப் பாடத்தை எடுக்க உங்களுக்குக் கூச்சமே வராதா என்று. "வரும் சார். ஆனா நம்ம குரல் எறங்குச்சுன்னா, புள்ளைங்க அதத் தப்புன்னு எடுத்துக்கும்" என்றார்.

அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். போன வாரம் என் பேத்தி, விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், முட்டைக்குள் குஞ்சு எப்படி வந்தது என்று கேட்டாள். என் மகன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். நான் அதை அணைக்கச் சொல்லிவிட்டு, கடைசி நாற்காலி வரை கேட்கும்படி பதில் சொன்னேன்.