மஞ்சள் பூசிய விதையும் தொண்டாமுத்தூர் ஜெல் மணியும்

போன ஆடிப் பட்டத்தில் எங்கள் அரை ஏக்கர் நிலக்கடலை தேறவில்லைங்க. பேத்தி கவிதா செய்து அனுப்பிய நுண்ணுயிர்ப் பொடியைக் கலந்துதான் விதைத்தேன். அந்த உயிர் வேரில் முடிச்சு கட்டித்தான் செடிக்குத் தழைச்சத்துப் பிடித்துத் தரும். செடியைப் பிடுங்கினால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. "இந்தப் பொடி எதுக்கும் ஆகாது" என்று சென்னிமலை பால் சொசைட்டியில் எல்லாரிடமும் சொல்லிப்போட்டேன். என் பேச்சைக் கேட்டு எங்கள் ஊரில் ஒருத்தரும் அவளிடம் வாங்கவில்லை.

இந்த வருஷம் பொடியை விட்டுவிட்டு ஜெல் மணி செய்கிறாள். "நீங்களே வந்து பாருங்க அமுச்சி" என்று கூப்பிட்டாள். ஆனி கடைசி புதன்கிழமை கிளம்பினேன்.

சென்னிமலையில் காலை 6.10க்கு டவுன் பஸ். பெருந்துறை 14 கிலோமீட்டர், பெண்களுக்குக் காசு இல்லை. அங்கே 6.55க்குக் கோயமுத்தூர் பஸ், 70 ரூபாய். அவிநாசி கோபுரத்தைக் கும்பிடலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பஸ் பைபாஸில் போய்விட்டது. ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள்.

காந்திபுரத்தில் 9.05. தொண்டாமுத்தூருக்கு இன்னொரு டவுன் பஸ், 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மடியில் இருந்த தூக்குப்போசியைக் கண்டக்டர் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உள்ள கொழம்புங்களா?"

"இப்ப வெறும் போசிங்க. திரும்பி வாரப்ப உள்ள உசுரு இருக்கும்."

"மீனுங்களா? அப்படின்னா பின்னாடி உக்காருங்க!"

கவிதாவின் இடம் தென்னந்தோப்புக்குள் இரண்டு அறை. கடல்பாசி மாவைக் கரைத்து, அதில் நுண்ணுயிரைக் கலந்து, சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். விழுந்ததும் ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல உருண்டுகொள்கிறது. உள்ளே இருக்கும் உயிர் வெயிலில் சீக்கிரம் காயாது, மண்ணுக்குள் மெதுவாக வெளியே வரும் என்றாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க ஊட்டுச் சூட்டுல பொடி செத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் அமுச்சி இந்த ஒரு வருஷப் பாடு. போன தடவ என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். வெல்லம் போட்ட கஞ்சியை ஆறவைத்தேன், பொடியைக் கலந்தேன், விதையைப் புரட்டினேன், கடைசியில் இரண்டு கை மஞ்சள் போட்டுப் பிசறினேன்.

"மஞ்சளா?"

"நல்ல காரியத்துக்கு மஞ்ச இல்லாம எப்படி கண்ணு?"

கவிதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "புண்ணுல கிருமி சாகட்டும்னு மஞ்ச வெப்பீங்களே, அதேதான். இதுகளும் கிருமிங்க. கொன்னுபோட்டு, எம்மேல பழிய வேற போட்டீங்க."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடாமல் சொன்னேன், "அப்போ எம்மஞ்சளாலதான் இந்த மணியே பொறந்திருக்கு." சிரித்துவிட்டாள்.

"ஜெல்லுக்குள்ள இருந்தா மஞ்சளத் தாங்குமா அம்மணி?" என்று கேட்டேன்.

"வெயிலுக்கு நான் பொறுப்பு. உங்க கைக்கு இல்லைங்க."

போசி நிறைய மணியோடு அன்றைக்கே ஊர் திரும்பினேன். மறுநாள் காலை பால் சொசைட்டிக்குப் போனேன். பால் அளக்கும் பொன்னுசாமி, "என்னங்க, பேத்தி மருந்து இந்த வருஷமாச்சும் ஆகுமுங்களா?" என்று வம்புக்கு இழுத்தார். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள்.

"போன வருஷமும் மருந்து நல்லாத்தானுங்க இருந்துச்சு. மஞ்சளப் போட்டுக் கெடுத்தது நானு," என்றேன். அஞ்சாவது படித்த காலத்தில் வாத்தியார் முன்னால் நின்றதைவிட அது கஷ்டமாக இருந்தது.

மஞ்சள் இல்லாமல் மணியைப் போட்டு விதைத்த நாற்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி அதே சொசைட்டிக்குக் கொண்டு போனேன். வேரெல்லாம் முடிச்சு. பொன்னுசாமி ஒன்றை நகத்தால் நசுக்கினார், உள்ளே ரோஸ் நிறம், உயிர் வேலை செய்கிறது என்று அர்த்தம். செடியைக் கீழே வைக்காமலே, "அங்க போறதுக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். 6.10 பஸ்ஸைப் பிடியுங்கள். வெறும் தூக்குப்போசி கொண்டு போங்கள். திரும்பும்போது போசிக்கு ஈரத்துணி சுற்றுங்கள், பஸ்ஸில் இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள். நாலு நாளைக்குள் விதையோடு உழவு சாலில் போட்டுவிடுங்கள். மஞ்சள் வேண்டுமென்றால் போசிக்கு வெளியே ஒரு பொட்டு வையுங்கள். நான் அப்படித்தான் வைத்தேன்.