அக்கா காப்பி செய்த கடிதம்

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் டிஸ்பேட்ச் அறைக்கு ஒரே கம்ப்யூட்டர். இரண்டு ஷிஃப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. பார்சல் எண்களைக் காப்பி செய்தே சலித்துப்போய், யாரிடமும் கேட்காமல் ஒரு மென்பொருளை ஏற்றினேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், அதுவரை யார் எதைக் காப்பி செய்திருந்தாலும் வரிசையாக வந்து நிற்கும்.

மறுநாள் மதியம் எண்களுக்கு நடுவே ஒரு கடிதம் வந்தது. காலை ஷிஃப்ட் மஞ்சுளா அக்கா லீவு கேட்டு மேனேஜருக்கு எழுதியது. மார்பில் கட்டி, செவ்வாய்க்கிழமை பெங்களூரில் பரிசோதனை, யாருக்கும் தெரிய வேண்டாம். முதல் வரியிலேயே நிறுத்தியிருக்கலாம். முழுதும் படித்தேன். பிறகுதான் மென்பொருளை நீக்கி, அது சேர்த்து வைத்ததையும் அழித்தேன்.

அப்படியும் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நாள் ஷிஃப்ட் மாறும்போது, "அக்கா, செவ்வாக்கெழம உங்க ஷிஃப்ட நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பையை எடுத்தவர் நின்றார். "செவ்வாக்கெழம நான் வரமாட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி, ஆறு மணிக்கெல்லாம் வந்துடு" என்றார்.

இப்போது அக்கா லீவு கடிதத்தைக் காகிதத்தில் எழுதுகிறார். நான் உள்ளே வந்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.